பிறேக் ஒயிலில் விட்ட தீர்த்தம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்ததும், தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்னர், இன்பமலருக்கு ஒரு வேலை இருந்தது. அலுமாரியின் மேல்தட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நிற்கும் போத்தலை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போவாள். பாஸ்குத் திருநாளில் கோவில் குருவான சுவாமி மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம் அது. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் கிடக்கும் றப்பர் விரிப்பைத் தூக்கினால் தகரத்தில் ஒரு துளை தெரியும். அதற்குக் கீழே ஒரு மூடி. கதவுப் பையில் கிடக்கும் ஸ்பேனரால் அதைத் திருகித் திறந்து, சிலுவை அடையாளம் போட்டு, ஒரு தேக்கரண்டி தீர்த்தத்தை உள்ளே விட்டு, மறுபடி இறுக்கி மூடிவிடுவாள். அவளுடைய கணவர் பஸ்தியாம்பிள்ளை அந்த நேரத்தில் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பார். அவள் அதை அவருக்கு மறைக்கவில்லை. சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டதை யார் போய்ச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்?

கார் ஒரு மொறிஸ் மைனர், சாம்பல் நிறம். இங்கிலீசுக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறிய ஐம்பத்தேழாம் ஆண்டில், பஸ்தியாம்பிள்ளை டிரைவராயிருந்த துரை அவரிடம் விட்டுப்போன கார். அதன் பிறகு அவர் ஒருவரிடமும் சம்பளத்துக்கு நிற்கவில்லை. மீன் சந்தைக்கு முன்னால் உள்ள கார் ஸ்ராண்டில் நிறுத்தி வாடகைக்கு ஹயர் ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கலியாணத்துக்குப் போகிறவர்கள், கண்டிக்கும் மன்னாருக்கும் போகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் தேடி வருவார்கள். மெதுவாகத்தான் ஓடுவார். ஆனால் ஏறினவர் இறங்குவார் என்று ஊருக்குள் ஒரு பேர்.

இன்பமலரின் தகப்பன் கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்குச் சாயம் அடித்தவர். கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்தில் அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். தாய் பாரிசவாதத்தில் கை கால் விழுந்து படுக்கையானதோடு அந்தப் படிப்பு நின்றது. நின்ற படிப்புக்காக அவள் அழுததாக ஒருவரும் சொல்லவில்லை. கலியாணத்துக்குப் பிறகு கோவிலின் பீடத் துணிகளைக் கழுவிக் கஞ்சி போட்டு மினுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டாள். கரி அடுக்கிய ஸ்திரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது தோள் கொஞ்சம் இறங்கிப்போனது. சுருக்கமில்லாத வெள்ளைத் துணியைப் பார்க்கும்போது மனசிலும் சுருக்கமில்லாமல் போவதாக அவளுக்கு ஒரு எண்ணம். ஒரே மகள் மட்டக்களப்பில் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேரும் அந்தக் காரும்.

பிறேக் ஒயிலில் தீர்த்தம் விடும் வழக்கம் எப்படி வந்தது என்றால், ஒருநாள் பஸ்தியாம்பிள்ளை குனிந்து நின்று அந்தத் துளைக்குள் எதையோ ஊற்றுவதைக் கண்டு அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, எஞ்சினுக்கு ஊத்தினது காணாதெண்டோ கால் வைக்கிற இடத்திலயும் ஊத்திறீங்கள்?"

"இது வேற ஒயில், இன்பம். பிறேக் ஒயில். நான் பெடலை மிதிச்சா அது இந்த ஒயிலைத் தள்ளும். ஒயில் குழாய்க்குள்ளால ஓடிப்போய் நாலு சில்லையும் பிடிக்கும். கார்ல ஏறுற அவ்வளவு பேற்ற உயிரும் இதுக்குள்ளதான் கிடக்கு."

கடைசியாகச் சொன்னது அவளுக்குள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. ஆண்டுத் திருநாளில் சுவாமி கார்களை மந்திரிக்கும்போது முன்மூடியில்தான் தீர்த்தம் தெளிப்பார். வெயில் பட்டதும் அது காய்ந்துபோகும். உயிர் இருப்பது உள்ளே, ஆசீர்வாதம் மட்டும் வெளியே என்றால் எப்படி? அடுத்த முதல் வெள்ளியே அவள் தேக்கரண்டியோடு காரடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு புதுமை நடந்தது. மற்றக் கார்களில் அப்பப்போ ஒயில் குறையும். இந்தக் காரில் குறையவேயில்லை. "என்ர காரைப் பாருங்கோடா, பிறேக் ஒயில் குடிக்கிறதேயில்லை" என்று பஸ்தியாம்பிள்ளை ஸ்ராண்டில் பெருமை பேசினார். அவர் அதை வீட்டில் வந்து சொல்லும்போது, மாதாவின் காவலைக் கண்ணால் பார்ப்பதுபோல இருக்கும் இன்பமலருக்கு.

எழுபத்து நாலாம் ஆண்டு, கச்சான் காற்று அனலாய் வீசுகிற காலம். சல்லி ஊரிலிருந்து நல்லம்மா என்ற ஒரு கிழவி கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணில் படலம் வெட்டுவித்திருந்தாள். அவளையும் துணைக்கு நின்ற தங்கச்சியையும் ஏற்றிவரப் பஸ்தியாம்பிள்ளை விடியவே போனார். திரும்பி வந்தபோது பொழுது பட்டுவிட்டது. காரின் இடது பக்கத்து மட்காட் நசுங்கியிருந்தது. மனுசனின் முகமும் அப்படித்தான் இருந்தது.

"என்ன நடந்தது? சொல்லுங்கோவன்."

"மாத்தளைக்கு இறங்கிற மலையில, இன்பம். வளைவுக்கு வளைவு பிறேக்கில கால் வைச்சுக்கொண்டுதானே வாறது. பாதி இறங்கினாப்பிறகு மிதிக்கிறன், பெடல் அப்பிடியே நிலத்தில போய் முட்டுது. வெறும் காத்தை மிதிச்ச மாதிரி. திரும்ப மிதிச்சன். ஒண்டுமில்லை. மற்றப் பக்கம் பள்ளம்."

"மாதாவே!"

"கியரைக் குறைச்சன். கைப் பிறேக்கை இழுத்தன். மலைப் பக்கத்து மண்ணோட உரசி உரசித்தான் நிப்பாட்டினனான்."

"நல்லம்மா ஆச்சிக்கு ஒண்டுமில்லையோ?"

"அவ கண்ணில கட்டோட இருந்தவ. 'தம்பி, நல்ல காத்து வருது, இன்னும் கொஞ்சம் கெதியா விடு' எண்டு சொன்னவ."

வேறு நாளென்றால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அதை விடு. பிறகு நடந்ததுதான் எனக்கு விளங்கேல்ல. மரத்துக்குக் கீழ கொஞ்ச நேரம் இருந்துபோட்டு வந்து பெடலை மிதிச்சால், கல்லு மாதிரி நிக்குது! எங்கயும் ஒழுகேல்ல. ஒண்டும் உடையேல்ல. நல்லாத்தான் கிடக்கு. அதுதான் எனக்குப் பயம். உடைஞ்ச சாமானெண்டால் நம்பலாம். இதை எப்பிடி நம்புறது?"

அன்று இரவு முழுக்க அவர் புரண்டு புரண்டு படுத்தார். விடிந்தபோது காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். காரணத்தின் பேர் அபூதாஹிர்.

அபூதாஹிர் குறிஞ்சாக்கேணிக்காரர். உட்துறைமுகப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் கராஜ் வைத்திருந்தார். ஸ்ராண்டில் நிற்கும் கார்களில் முக்கால்வாசி அவருடைய கைபட்டு ஓடியவைதான். மெக்கானிக்கைப் 'பாஸ்' என்பது வழக்கம், எல்லாருக்கும் அவர் தாஹிர் பாஸ். பஸ்தியாம்பிள்ளைக்கு அதைவிடக் கூட நெருக்கம். யேசு பிறந்த நத்தாருக்கு இந்த வீட்டிலிருந்து பலகாரத் தட்டுப் போகும். பெருநாளுக்கு அங்கிருந்து சோறும் இறைச்சியும் வரும். அதுவோ சாமான் தட்டுப்பாட்டுக் காலம், கடையில் பிறேக் ஒயில் தகரம் காண்பதே அருமை. எங்கேயாவது ஒரு தகரம் அகப்பட்டால் கராஜ்காரர் நாலைந்து பேர் போத்தல் போத்தலாகப் பங்கு போடுவார்கள். போன வருசம் மொறிஸுக்குப் பழைய ஒயிலைக் கழற்றிவிட்டு அபூதாஹிர் ஊற்றியது அப்படியொரு போத்தலில் வந்ததுதான்.

"போத்தலில வந்த ஒயில். என்னத்தைக் கலந்தாங்களோ ஆருக்குத் தெரியும்?" என்றார் பஸ்தியாம்பிள்ளை. வீட்டில் சொன்னதோடு நிறுத்தவில்லை. ஸ்ராண்டிலும் போய்ச் சொன்னார். பதினேழு வருசமாகக் காரில் கீறல் விழவிடாத மனுசன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

நாலு நாள் கழித்து மீன் வாங்கப் போன இன்பமலருக்கு ஸ்ராண்டில் நடந்த கதை காதில் விழுந்தது. கனகசுந்தரம் என்ற டிரைவர்தான் பேசிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் பகிடி இல்லாமல் மூடமாட்டான்.

"பஸ்தியாம் அண்ணை, தாஹிர் பாஸ் தேங்காயெண்ணெய்தான் கலக்கிறாராம். அப்பிடியெண்டால் அந்த ஒயிலில வடை சுடலாமோ?"

"சுடலாம் சுடலாம்," என்றான் இன்னொருத்தன். "தட்டில வைச்சால் வடை நிக்காது, ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். பஸ்தியாம்பிள்ளை சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. இன்பமலர் மீன் கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். கராஜ் வழியாக வந்தபோது பார்த்தாள். முன்பெல்லாம் மூன்று நாலு கார் மூடி திறந்தபடி நிற்கும் இடத்தில் ஒரு காரும் இல்லை. அபூதாஹிர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துகொண்டு, துப்புரவாயிருந்த ஸ்பேனர்களைத் திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை அவர் தானே வந்தார். ஒரு கையில் ஸ்பேனர்கள் கிடக்கும் ஆயுதப் பை. மற்றக் கையில் மெழுகால் வாய் அடைத்த ஒரு போத்தல். பஸ்தியாம்பிள்ளை வாசலில் நின்று "வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை.

"அண்ணன், சண்டைக்கு வரல்ல. அந்த ஒயிலப் பாக்க வந்தனான்."

"பாக்க என்ன கிடக்கு? மலையில நான் பாத்தது காணும்."

"நீங்க மலையில பாத்தது பெடல. ஒயில இன்னும் ஒருத்தரும் பாக்கல்லயே. அதே தகரத்து ஒயில் மிச்சம் இந்தப் போத்தல்ல கிடக்கு. ரெண்டையும் பக்கத்தில வெச்சுப் பாப்பம். என்ட பிழையெண்டா நான் கராஜப் பூட்டிப்போட்டுப் போறன்."

"பார். நான் நிக்கமாட்டன்."

பஸ்தியாம்பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அபூதாஹிர் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு உதவி செய்யோணும். ஒராள் மேல இருந்து மிதிக்கோணும், ஒராள் கீழ கிடந்து திறக்கோணும். தனிய ஏலாது."

இத்தனை வருசத்தில் இன்பமலர் டிரைவர் இருக்கையில் இருந்ததில்லை. காலைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். அபூதாஹிர் பின்பக்கத்து இடது சில்லடியில் படுத்தார். டிரைவர் காலடியிலிருந்து ஆகத் தூரத்தில் இருப்பது அந்தச் சில்லு, அதனால் அங்கேதான் தொடங்கவேண்டும் என்றார். அங்கே ஒயிலை வெளியே விடும் சின்ன நிப்பிளில் ஒரு றப்பர் குழாயைச் செருகி, மற்ற நுனியைக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டார்.

"மிதியுங்க அக்கா. அப்பிடியே பிடிச்சிக்கொள்ளுங்க. ம்... இப்ப விடுங்க."

மிதித்துப் பிடித்தபோது அவர் நிப்பிளைத் திறந்தார். பெடல் மெல்ல இறங்கியது. அவர் அதை இறுக்கிய பிறகுதான் "விடுங்க" என்ற சத்தம் வந்தது. திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், காற்றுப் போனால் பிறேக் பிடிக்காது என்றார். மிதித்து, பிடித்து, விட்டு, மிதித்து, பிடித்து, விட்டு, செபமாலை மணி உருட்டுவதுபோல அதுவும் கைவந்துவிட்டது அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிப் போத்தலில் கடும் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் நிறைந்தது.

"ஏன் தம்பி, உந்தப் போத்தலுக்கு இவ்வளவு மெழுகு?"

"இந்த ஒயில் தண்ணிக்குத் தவிக்கிற சாமான், அக்கா. மூடியத் திறந்து வெச்சா காத்தில உள்ள ஈரத்தைக் குடிச்சிப்போடும். அதிலயும் நம்மட ஊர் கடல் காத்து. குடிச்சத வெளியயும் விடாது. அதுதான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்காவெண்டாலும் கழட்டி எறிஞ்சிபோட்டுப் புதுசு ஊத்தோணும். கழட்டினதத் திரும்ப ஊத்தப்படாது."

இன்பமலரின் கால் பெடலில் நின்றது நின்றபடி நின்றது.

"தண்ணி போனால் என்ன செய்யும்?"

"சும்மா ஓடினா ஒண்டும் செய்யாது. மலையால இறங்கைக்க சில்லு தோசைக்கல் மாதிரிச் சுடும். ஒயில் அந்தச் சூட்டைத் தாங்கும். தண்ணி தாங்காது, ஆவியாகிப்போடும். மறுகா நீங்க மிதிக்கிறது ஒயில இல்ல, ஆவிய. ஆவி பஞ்சு மாதிரி அமுங்கும். சில்லுக்குப் பலம் போகாது. சூடு ஆறினா ஆவி திரும்பவும் தண்ணியாகும், பெடல் கல்லு மாதிரி நிக்கும். அண்ணன் சொன்ன கதையக் கேட்டதில இருந்து எனக்கு இந்த யோசினதான். ஆனா ஒரு வருசத்துக் காத்து ஈரம் இந்தளவு செய்யாதே? விடுங்க அக்கா, கால விடுங்க."

அவள் காலை எடுத்தாள்.

பிறகு அவர் குசினியில் கொஞ்சம் நெருப்புக் கேட்டார். இரண்டு தகர மூடிகளைத் தணலின் மேல் வைத்து, ஒன்றில் மெழுகுப் போத்தல் ஒயிலையும் மற்றதில் காரிலிருந்து எடுத்ததையும் கரண்டியளவு விட்டார். யன்னலைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போத்தல் ஒயில் குளத்துத் தண்ணிபோல அசையாமல் கிடந்தது. காரிலிருந்து வந்தது சூடேறியதும் சுற்றிவரக் கொப்புளம் விட்டு, பொங்கி, நுரைத்தது.

எண்ணெய்ச் சட்டியில் தண்ணி பட்டால் என்ன நடக்கும் என்று இன்பமலருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவள் தாச்சிச் சட்டியைக் கழுவுகிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தண்ணிதான்," என்றார் அபூதாஹிர். "நல்லாத் தண்ணி போயிருக்கு. எதால போனதெண்டுதான் தெரியல்ல. மூடி இறுக்கமாத்தான் இருந்தது." கார் மட்காட்டில் ஒரு துளி ஒயில் சிந்தியது ஞாபகம் வந்து, "கெதியாத் தண்ணி ஊத்தித் துடைக்கோணும், சாயத்தத் திண்டுபோடும்," என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

புது ஒயில் ஊற்றும்போது அவள் மறுபடியும் ஏறி இருந்தாள். அவர் சில்லடியில் படுத்தார். சத்தம் மட்டும் கேட்டது, முகம் தெரியவில்லை. குருவின் முகம் தெரியாமல் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நிற்பதுபோல இருந்தது அவளுக்கு. அந்தத் துணிச்சலில் சொல்லிவிட்டாள். தீர்த்தப் போத்தல், தேக்கரண்டி, முதல் வெள்ளி, உயிர் இருக்கிற இடம் என்று கணவர் சொன்னது, எல்லாவற்றையும் பெடலைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

கீழே நிப்பிளில் ஸ்பேனர் முட்டுகிற சத்தம் நின்றது.

"மிதியுங்க அக்கா," என்றார் கடைசியில். அவள் மிதித்தாள். "விடுங்க."

பிறகு, கீழே இருந்தபடியே கதைத்தார்.

"எங்கட உம்மாவும் ஓதின தண்ணிய வள்ளத்துக்கு எறியிறவதான். வாப்பா கடலுக்குப் போகைக்க. நல்லகாலம் வள்ளத்துக்குப் பிறேக் இல்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது.

"இத ஒருத்தருக்கும் சொல்லாதீங்க, அக்கா. அண்ணனுக்கு நான் கடல் காத்து ஈரம் எண்டு சொல்றன். பாதி உண்மைதானே."

"அப்ப உங்கட பேர்?"

"என்ட பேருக்கென்ன. ஊரில தம்பிட வயல் கிடக்கு. ரெண்டு போகம் செஞ்சா சீவிக்கலாம். நீங்க சொன்னா அவனுகள் உங்கள மட்டும் பகிடி பண்ண மாட்டானுகள். நீங்க கும்பிடுறதயும் சேத்துத்தான் பண்ணுவானுகள். அது எனக்கே கேக்க ஏலாது."

அவர் போன பிறகு அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை. மீன் சந்தைக்கு முன்னால் மாதாவின் பேரைச் சொல்லிச் சிரிப்பார்களே! பீடத் துணிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டே அவள் யோசித்தாள். சொல்லாவிட்டால் குற்றமில்லாத ஒரு மனுசன் பிறந்த ஊருக்குத் தலை குனிந்து திரும்புவான். அப்படி ஒருத்தனை அனுப்பிவிட்டு மாதாவின் மானத்தைக் காப்பாற்றினால், மாதா அதை ஏற்றுக்கொள்வாளா? ஞாயிறு பூசைக்கு முன்னர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். சொன்னால் சுவாமிக்குத் தெரியும். ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்ராண்டுக்குத் தெரியாதே.

பூசை முடிந்து வந்து பஸ்தியாம்பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள். அவர் பிசைந்த கையோடு இருந்தார்.

"ஒவ்வொரு முதல் வெள்ளியுமோ?"

"ஓம்."

"அதுதான் ஒயில் குறையேல்ல." எழுந்து போய்க் கையைக் கழுவினார். காரடிக்குப் போய் றப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கதிரையில் இருந்தார். "உன்னில எனக்குக் கோவமில்லை, இன்பம். உயிர் இதுக்குள்ள கிடக்கு எண்டு சொன்னவன் நான்தானே. தாஹிரட்ட நான் போய்க் கதைக்கிறன். ஆனால் ஸ்ராண்டில இதைச் சொல்லேலாது. கனகசுந்தரம் ஒருத்தன் காணும். சாகும் மட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்."

"நீங்கள் பிழையெண்டு சொன்ன இடம் ஸ்ராண்ட். கராஜுக்குள்ள போய் மன்னிப்புக் கேட்டால் அது ஸ்ராண்டுக்குக் கேக்குமோ?"

அடுத்த நாள் காலை அவர் ஹயர் ஒன்று இருக்கிறது என்று நேரத்தோடு போய்விட்டார்.

இன்பமலர் வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு மீன் சந்தைப் பக்கம் நடந்தாள். கூடை கொண்டுபோகவில்லை. கையில் ஒன்றுமில்லாமல் நடப்பது புது ஆள் மாதிரி இருந்தது. ஸ்ராண்டில் டிரைவர்மார் வாகை மர நிழலில் நின்றார்கள். பஸ்தியாம்பிள்ளையின் கார் அங்கே இல்லை.

"அக்கா, அண்ணை ஹயருக்குப் போயிட்டார்," என்றான் கனகசுந்தரம்.

"அவரைத் தேடி வரேல்ல, தம்பி. உங்கள் எல்லாரோடயும் ஒரு கதை."

அந்த இடத்தில் பெண்கள் வந்து நின்று கதைப்பது வழக்கமில்லை. ஒருத்தன் வாயிலிருந்த சுருட்டை எடுத்தான். அவள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"தாஹிர் பாஸ் ஊத்தின ஒயில் நல்ல ஒயில். அதுக்குள்ள தண்ணி விட்டது நான். கோவில் தீர்த்தம். காவலாயிருக்கட்டும் எண்டு மாதம் மாதம் விட்டனான். அந்தத் தண்ணிதான் மலையில ஆவியாப் போனது. அவரில ஒரு பிழையும் இல்லை."

பிறகு பின்னாலிருந்து யாரோ, "அப்ப மாதாவால பிறேக் பிடிக்க ஏலாமப் போச்சுதோ?" என்றான். ஒரு சிரிப்பு எழும்பியது.

இது வரும் என்று தெரிந்துதான் அவள் வந்திருந்தாள். ஆனாலும் முகம் சுட்டது.

"மாதா பிடிச்சபடியாத்தான் கார் மண்ணில போய் நிண்டது," என்றாள் மெதுவாக. "தீர்த்தத்தை ஊத்தாத இடத்தில ஊத்தினது நான். சிரிக்கிறதெண்டால் என்னைப் பாத்துச் சிரியுங்கோ."

கனகசுந்தரம் தலையைச் சொறிந்தான். எல்லாரும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, நானும் கோயிலடியில எலுமிச்சங்காய் வாங்கிறனான்தான்," என்றான். "சில்லுக்குக் கீழ வைச்சு நசிச்சுப்போட்டுத்தான் காரை எடுக்கிறனான். என்ர மனுசி ஒருநாள் அதைப் பெற்றோல் தாங்கிக்குள்ள பிழிஞ்சு விடாமல் இருந்ததே பெரிய காரியம்!"

இந்தத் தடவை எழும்பிய சிரிப்பு வேறு. இன்பமலரும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணி வந்தது.

"வடைக் கதையை ஊரெல்லாம் பரப்பினவன் நான்," என்று கனகசுந்தரம் தொடர்ந்தான், குரலைத் தாழ்த்தி. "என்ர காருக்கும் ஒயில் மாத்திக் கனகாலம். இண்டைக்கே கொண்டு போறன்."

அப்போதுதான் மற்ற டிரைவர்மார் அவளுக்குப் பின்னால் பார்ப்பதை அவள் கவனித்தாள். திரும்பினாள். மொறிஸ் தெருவோரத்தில் நின்றது. எப்போது வந்தது, எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. பஸ்தியாம்பிள்ளை இறங்கி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். டிரைவர்மாரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர் முதலில் இருமினார்.

"அவ சொன்னது சரி," என்றார். "விசாரியாமல் தாஹிர்ர பேரைக் கெடுத்தவன் நான். அதையும் கேட்டுக்கொள்ளுங்கோ."

காரின் மற்றக் கதவைத் திறந்து, "ஏறு, இன்பம்," என்றார்.

கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. உட்துறைமுகத்துக்குப் போகும் வழியில் இறங்கியது. ஒவ்வொரு சந்தியிலும் அவர் தேவைக்கு மேலாகப் பிறேக்கைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அது பிடித்தது. கராஜுக்குக் கொஞ்சம் இப்பால் நிறுத்தினார்.

"நீ இரு. இது நான் தனியப் போய்ச் சொல்லவேண்டியது."

கண்ணாடிக்கூடாகப் பார்த்தாள். அபூதாஹிர் ஸ்பேனர்களை ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஊருக்குக் கொண்டுபோகிற பெட்டி. பஸ்தியாம்பிள்ளை அவருக்கு முன்னால் போய் நின்றார். என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. அபூதாஹிர் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டேயிருந்தார். அதற்கு மேல் பார்ப்பது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. துறைமுகத்துத் தண்ணிப் பக்கம் பார்த்தபடி மாதாவுக்குரிய அருள்நிறைந்த மந்திரம் சொல்லத் தொடங்கினாள்.

பாதி சொல்லும்போது பெட்டிக்குள் அடுக்கிய ஸ்பேனரெல்லாம் கலகலவென்று திரும்பவும் வேலை மேசையில் கொட்டுப்படுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் மந்திரத்தை முடித்தாள்.